வரிசை மாறிய வரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று காலை முதல் வேலையாக, உங்கள் நண்பர், என் வீட்டுக்காரர், சட்டைக்கு மேல் மாட்டியிருந்த பனியனைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டேன். அவர் கூச்சப்படவில்லை. "நம்ம கட்டுரைல எதை முதல்ல வச்சாலும் விடை ஒண்ணுதானேம்மா?" என்றார். இருவரும் சிரித்தோம். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகிறது.

பாத்திரம் கழுவும்போதுதான் அது உறுத்தியது. பந்து விழுவதையும் கோள் சுற்றுவதையும் குவாண்டம் கணிதத்தின் மொழியில் எழுதினால், இடத்தையும் உந்தத்தையும் எந்த வரிசையிலும் வைக்கலாம். குவாண்டத்தில் கூடாதது இங்கே கூடும். ஏழு வருடமாக நீங்கள் இருவரும் கொண்டாடியது இதைத்தானே? ஆனால் இடத்தையும், இந்த மொழிக்காகவே நாம் சேர்த்துக்கொண்ட அதன் துணைச் செயலி என்ற கணிதக் குறியையும் அப்படி மாற்றக் கூடாது, விடையே மாறிவிடும். ஈரக் கையோடு அவர் நோட்டை எடுத்தேன். கடைசிப் பகுதியின் மூன்றாம் வரியில் அந்த இரண்டையும் மாற்றி வைத்திருக்கிறார். மாணவர்கள் செய்தால் ஒரு வாரம் சொல்லிக் காட்டும் தவறு. பக்கத்திலேயே பச்சை மையில் சரி போட்டிருப்பது நான். அவர் எழுதியதாயிற்றே என்று சரிபார்க்காமல் விட்டிருக்கிறேன்.

பக்கத்தின் மேலே தேதி இருக்கிறது. இவருடைய மறதி எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டபோது, பாடம் நடத்துவதாகப் பழைய கல்லூரிக்குப் போய் நின்ற நாளைச் சொன்னேன். இந்தப் பக்கம் அதற்கு ஒன்பது மாதம் முந்தையது. நானும் இயற்பியல் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைக்கிறேன், அண்ணா.

கட்டுரையின் அச்சுப்படிக்கு ஒப்புதல் கேட்டிருந்தீர்கள். கடைசிப் பகுதியை எடுத்துவிடுங்கள். மற்றவை அதை நம்பி நிற்கவில்லை, பார்த்துவிட்டேன். ஆனால் தன் வாழ்நாளில் செய்த நல்ல வேலை அதுதான் என்கிறார். கட்டுரை அச்சாகி வந்ததா என்று தினமும் நாலு தடவை கேட்கிறார்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தட்டச்சு செய்தபோது நான்தான் வரிகளைக் குழப்பி அந்தப் பகுதியைக் கெடுத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லப் போகிறேன். திட்டுவார். திட்டட்டும். யாரைத் திட்டுகிறோம் என்று தெரிந்து திட்டுகிற வரைக்கும் எனக்கு அது போதும்.

விடுமுறைக்குக் காத்திருக்காமல் ஒருமுறை வந்து போங்கள். வாசலில் நின்று நீங்களாகப் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு ஒரு நிமிடம் கொடுங்கள்.

உங்கள் தங்கை