வயிறு வற்றியதற்கு மைசூர்பாகு

ஜீவனஹள்ளி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அமலுக்கு அப்பா ஓஸ்வால்ட் ஆசீரோடு எழுதுவது.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். சுவருக்குப் பெயிண்ட் அடித்த கைக்குப் பேனா வழுக்குகிறது. இதுவரை நான் சொல்லச் சொல்ல லீனாதான் உனக்கு எழுதினாள். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான், அதனால் பிழைகளுக்கு உன் மனைவியே பொறுப்பு. இந்தக் கடிதம் அவளைப் பற்றியது. போனில் பேசினால் இரண்டு அறை வீட்டில் அவள் காதில் விழும்.

முதலில் நல்ல செய்தி. லீனாவின் வயிறு வற்றிவிட்டது. நேற்று பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினாள். நான் உடனே போய் மைசூர்பாகு வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தேன்.

வயிற்றுக் கோளாறு என்று அவள் உன்னிடம் சொன்னது பாதிதான். குழந்தைக்காக ஆஸ்பத்திரியில் அவளிடமிருந்து முட்டை எடுத்த மறுநாள் நீ குவைத்துக்குக் கிளம்பினாய். அதற்குப் பிறகு அவள் வயிறு உப்பத் தொடங்கியது. பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் பார்த்துவிட்டு மாங்காய் ஊறுகாயோடு வந்தாள். "ஆஸ்பத்திரி ஊசின்னா அப்படித்தான் அங்கிள், ரெட்டையா இருக்கும்" என்றாள். கருவை இன்னும் உள்ளே வைக்கவே இல்லை என்று தெரிந்தும் எனக்கு அது கேட்க இனித்தது.

மறுநாள் வாந்தி. படுத்தால் மூச்சு முட்டியது, சிறுநீரும் சரியாக இறங்கவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முட்டை வளரப் போட்ட ஊசிக்குச் சூலகம் அளவுக்கு மீறி வீங்கிவிட்டதாம். இரத்தத்தில் இருக்க வேண்டிய நீர் கசிந்து வயிற்றில் சேர்ந்துவிட்டதாம். சிலருக்கு இப்படி ஆகும், விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர் நிருபமா. ஊசி வழியாக அந்த நீரை இறக்கினார்கள். உனக்குச் சொல்லப் போனேன். லீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் மாமா. இப்பதான் போனார். வேலையை விட்டுட்டு ஓடி வந்துருவார்" என்றாள்.

இப்போது வயிறு இறங்கியதைப் பார்த்து, கரு தங்கவில்லை என்று தெரு முழுக்க நினைத்துக்கொண்டது. பியாட்ரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் தட்டை நீட்டினேன். "இன்னா அங்கிள் இது, துக்கம் விசாரிக்க வந்தா ஸ்வீட் குடுக்கறீங்க?" என்றாள். "பொண்ணு பொழச்சுக்கிட்டா. அதுக்குத்தான், தின்னு" என்றேன். இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கும் ஒன்று கேட்டாள்.

கருக்களை உறைய வைத்திருக்கிறார்கள், பத்திரமாக இருக்கின்றன. உடம்பு நன்றாகத் தேறட்டும், சில மாதம் கழித்து வைக்கலாம் என்கிறார் டாக்டர். நீயோ அடுத்த மாதமே வைக்கச் சொன்னாயாம், அவளும் சரி என்றாளாம். நீ கேட்டால் அவள் எதற்கும் சரி என்பாள். அதுதான் எனக்குப் பயம்.

அதனால் போன் செய்யும்போது முதலில், சாப்பிட்டாயா என்று கேள். பிறகு, நாம் காத்திருக்கலாம் என்று நீயாகவே சொல். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. பேரப்பிள்ளை எனக்கும் வேண்டும்தான். ஆனால் இந்த வீட்டில் ஒரு பிள்ளை படி ஏறி வருவதை நேற்று பார்த்துவிட்டேன்.

லீவு முடிந்து அங்கே திரும்பும் ரெமிஜியஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த வாரக் கடிதம் தபாலில் வரும். அதற்குள் நீ அவளிடம் பேசியிருப்பாய். அந்தக் கடிதத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதுவேன், பிழையை அவளே திருத்தட்டும்.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் அப்பா,
ஓஸ்வால்ட்