சாட்சிக்கு வா என்றார் அப்பா

ஜூலை 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பெய்யவும் இல்லை, நிற்கவும் இல்லை. துணி காயாது. ஓசூர் ரோட்டில் பஸ் நகரவே இல்லை, பொம்மனஹள்ளி சிக்னலில் இறங்கி ஆபீசுக்கு நடந்தேன்.

வருமான வரி ரிட்டர்ன் சீசன். ஆடிட்டர் சாருக்குத் தலைவலி, எங்களுக்கு ஆடிட்டர் சார். வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஒரே கேள்வி: "மேடம், வரி குறைய அப்பாவுக்கு வாடகை குடுக்கறதா காட்டலாமா?" காட்டலாம், நிஜமாகவே கொடுத்தால். அக்ரிமென்ட் வேண்டும், பணம் பேங்க் வழியாகப் போக வேண்டும், அப்பா அதைத் தன் வருமானத்தில் காட்ட வேண்டும். இதைச் சொன்னதும் முகம் சுருங்கிவிடும். சொந்த அப்பாவுக்கு வாடகையா என்று ஒருத்தன் விழுந்து விழுந்து சிரித்தான்.

வாங்க: அப்பாவுக்கு பி.பி. மாத்திரை. கொத்தமல்லி. காஸ் லைட்டர். குடை (பழையது கம்பி போச்சு).

சாயங்காலம் அப்பா டீயை ஆற்றிக்கொண்டே: "சுமி, திங்கக்கெழம அரை நாள் லீவு போடு. உயில் எழுதிட்டேன். ரிஜிஸ்டர் பண்ணணும். நீ வந்து சாட்சிக் கையெழுத்து போடு."

"யாருப்பா எழுதித் தந்தது?"

"நானேதான். பத்திரக்காரரு கன்னடத்துல டைப் பண்ணித் தராரு. ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சிடணும்."

சரிப்பா என்றேன். டம்ளரைக் கழுவினேன். கழுவினதையே மறுபடியும் எடுத்துக் கழுவினேன்.

உயிலில் பங்கு உள்ளவர் சாட்சிக் கையெழுத்து போடக் கூடாது, நாளைக்குக் கேஸ் என்று வந்தால் தொல்லை. ஆபீசில் எல்லாரிடமும் நான் சொல்வது இது. அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன், போன வருஷம் எதிர்வீட்டுக்காரர் உயில் எழுதியபோது. "அப்ப சாட்சிக்குக் கூப்பிட்டாலே ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்" என்று அப்பாதான் சிரித்தார். மறந்திருக்க மாட்டார். அப்பா எதையும் மறக்கிறவர் இல்லை.

அப்போ எனக்கு ஒன்றும் இல்லை. எழுதிப் பார்த்தும் நம்ப முடியவில்லை.

ஜூலை 10, புதன்

வெயில். துணி காய்ந்தது.

ஒருத்தர் பான் நம்பரை இன்னொருத்தர் ரிட்டர்னில் போட்டுவிட்டேன். நல்ல வேளை, அனுப்பவில்லை. சார் எட்டிப் பார்த்து, "ஏன் சுமதி, ஹுஷாரில்வா?" என்றார். உடம்புக்கு ஒன்றும் இல்லை சார் என்றேன். உடம்புக்குத்தான் ஒன்றும் இல்லை.

எனக்கென்று இருப்பது: பி.எஃப். ஒரு எஃப்.டி. அம்மா வளையல். ஸ்கூட்டி, ஸ்டார்ட் ஆகிற நாட்களில்.

வீடு என்று இதுவரை எழுதியதே இல்லை. குடியிருக்கிற இடத்தை யாராவது பட்டியல் போடுவார்களா? கல்யாணம் முறிந்து சேலத்திலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவள் பின்னறையில் பெட்டியை வைத்தேன். அப்புறம் அம்மா போனாள். சமையல், மாத்திரை, கரண்ட் பில், மேல்வீட்டு வாடகை வசூல், போர்வெல் ரிப்பேர் எல்லாம் என் தலையில் வந்தது. நானும் சந்தோஷமாகத்தான் செய்தேன். "ரிட்டயர் ஆனதும் தலைக்கு மேல ஒரு கூரை இருந்தா பாதிக் கவலை போச்சு சார்" என்று ஊருக்கெல்லாம் பிளான் போட்டுக் கொடுக்கிறவள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. என் கூரை அப்பாவுடையது என்பது நேற்று டீ நேரத்தில்தான் உறைத்தது.

இன்னொரு கூத்து. என் பி.எஃப். நாமினி யார் என்று போய்ப் பார்த்தேன். அப்பா. வயது எழுபத்தாறு. உங்களைவிடச் சின்னவரைப் போடுங்கள் என்று வாய் வலிக்க எல்லாருக்கும் சொல்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

தாங்க முடியாமல் மோகனுக்குப் போன் செய்தேன். தம்பி, புனேயில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். அவன்தான் அப்பாவைக் கிளப்பிவிட்டிருப்பான் என்று சண்டைக்குத் தயாராகவே போன் எடுத்தேன்.

"உயிலா? நீ சொல்லித்தாங்க்கா எனக்கே தெரியும்." பொய் சொல்லவில்லை. மோகனுக்குப் பொய் சொன்னால் குரல் கீச்சென்று போகும், சின்ன வயசிலிருந்து.

அப்புறம்: "அங்க இப்ப சதுர அடி என்னக்கா போகுது?"

தெரியாது என்றேன்.

"சும்மாதான் கேட்டேன். நீ ஒண்ணும் கவலப்படாத. அப்பாவுக்கு அப்புறம் நீ இங்க வந்துடு. ஒரு ரூம் இருக்கு. பசங்க ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல ஒரு ஆள் இருந்த மாதிரியும் ஆச்சு."

அன்பாகத்தான் சொன்னான். போனை வைத்த பிறகுதான் புரிந்தது. ஒரே நிமிஷத்தில் வீட்டுக்கு விலை கேட்டுவிட்டான், எனக்கு வேலையும் போட்டுக் கொடுத்துவிட்டான்.

மாத்திரை வாங்கியாச்சு. லைட்டர் மறந்தேன்.

ஜூலை 13, சனி

அரை நாள் ஆபீஸ். பிறகு ஹெப்பகோடிக்கு வீடு பார்க்கப் போனேன். அப்பாவிடம் குடை வாங்கப் போகிறேன் என்றேன்.

வீட்டுக்காரம்மா கதவைப் பாதி திறந்து, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "நீவொப்ரேனா?" ஆமாம், நான் ஒருத்திதான். "பேமிலி இல்லவா?" அப்பா இருக்கிறார் என்றேன். அவரும் வருவாரா என்றார். அட்வான்ஸ் எவ்வளவு என்று பேச்சை மாற்றினேன். பத்து மாச வாடகை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வந்தேன். என்னத்தை யோசிக்க.

வீட்டுக்கு வந்தால் அப்பா பழைய குடையைக் கம்பி மாற்றி வாங்கி வைத்திருக்கிறார். "எதுக்கு புதுசு, இது நல்லாத்தான் கீது." பிஞ்சுக் கத்தரிக்காய் வேறு, எனக்குப் பிடிக்கும் என்று. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கத்தரிக்காயை நறுக்கினேன்.

சாப்பிடும்போது சும்மா கேட்கிற மாதிரி: "இந்த வீடு வேற கைக்குப் போச்சுன்னா மேல்வீட்டுக்காரங்க என்னப்பா ஆவாங்க?"

"அவங்களுக்கு இன்னா? அக்ரிமென்ட் கீதில்ல. நெனச்ச மாத்திரத்துல அனுப்ப முடியுமா? நோட்டீஸ் குடுக்கணும்."

மேல்வீட்டுப் பையன் குடி வந்தது போன தீபாவளிக்கு. அவனுக்கே நோட்டீஸ் உண்டு.

ஜூலை 15, திங்கள்

வெயிலா மழையா தெரியாது. கவனிக்கவில்லை.

சப் ரிஜிஸ்டிரார் ஆபீசுக்குப் பக்கத்தில் பத்திரக்காரர் கடை. "பன்னி மேடம், குத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று, உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டார். கன்னடக்காரர்களுக்கு ஆஷாடம் நடக்கிறது, யாரும் பத்திரம் பதிய வருவதில்லை, ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நமக்கு ஆடி இன்னும் பிறக்கவில்லை. அந்தச் சந்தில் அப்பா புகுந்துவிட்டார். இன்னொரு சாட்சிக்கு ஜெராக்ஸ் கடைக்காரர் ரெடி.

டைப் செய்தது பிரிண்ட் ஆகிக்கொண்டிருந்தது. அப்பா தமிழில் எழுதின காப்பி மேஜையில். எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஃபிட்டராக இருந்தவர் கை. எடுத்துப் படித்தேன். அதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"மேற்படி வீடு, அதன் போர்வெல், மோட்டார், மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி, இன்வெர்ட்டர், என் மகள் சுமதியை ஆயுள் வரை பராமரிக்கும் பொறுப்பு ஆகிய அனைத்தும் என் மகன் மோகனையே சேரும்."

இன்வெர்ட்டருக்கு அடுத்து நான்.

ஒன்றும் இல்லை என்று நினைத்து ஆறு நாள் அழுதேன். ஒன்றும் இல்லாமல் இருந்திருந்தால் தேவலை.

"படிச்சியாம்மா? இங்க போடு" என்று அப்பா பேனாவை நீட்டினார்.

"நான் இதுல சாட்சி போட முடியாதுப்பா."

"ஏன்? பங்கு இருந்தாத்தான் போடக் கூடாதுன்ன. உனக்குத்தான் இல்லியே."

பத்திரக்காரரும் சேர்ந்துகொண்டார். "ஹௌது மேடம், உங்களுக்கு எதுவும் வரல. தாராளமா போடலாம்."

"சார், இதுல மோட்டாரும் இருக்கு. அதுவும் சாட்சி போடுமா?"

அவருக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. "உன்ன தனியா உட்ருவனாம்மா? அதுக்குத்தான் அந்த வரி. அந்த ஒரு வரிக்குத்தான் நாலு நாளு யோசிச்சேன்."

அதுதான் என்னை அடித்துப் போட்டது. அவசரத்தில் எழுதியிருந்தால் மன்னித்துவிடலாம். நாலு நாள் என்னைப் பற்றியே யோசித்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

கையெழுத்து ஆகாமலே திரும்பினோம். அப்பா உயில் இருக்கும் கவரை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வேறு யார்?

ஜூலை 16, செவ்வாய்

காலையில் அவரே ஆரம்பித்தார். "மோகனுக்குக் குடுத்தா உன்ன பாத்துக்குவான். உன் பேர்ல வெச்சா எவனாவது ஏமாத்தி எழுதி வாங்கிக்குவான்."

"ஏமாத்தறாங்களான்னு பாக்க ஊரே என்கிட்டதாம்பா பேப்பரை எடுத்துட்டு வருது."

"அது ஆபீஸு."

டிபன் பாக்ஸை மறந்து விட்டுவிட்டு ஓடினேன்.

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்தாச்சு. காற்று. மாடியில் கொடி அறுந்து தலையணை உறை ரோட்டில்.

இன்றும் ஒருத்தர்: "அப்பாவுக்கு வாடகை காட்டலாமா மேடம்?" வழக்கமான பாட்டு: "நிஜமா குடுத்தா காட்டலாம். அக்ரிமென்ட் இருக்கணும். பேங்க்ல..." பாதியில் நின்றுவிட்டேன். அவர் பேனாவோடு காத்திருந்தார். "என்ன ஆச்சு மேடம்?"

ஒன்றும் இல்லை என்றேன். மத்தியானம் போய் ஸ்டாம்ப் பேப்பர் வாங்கினேன். லைட்டரும்.

ஜூலை 21, ஞாயிறு

கூழ் காய்ச்சினேன், அப்பா இரண்டு சொம்பு குடித்தார். நல்ல மூடு. பேப்பரை முன்னால் வைத்தேன். வாடகை ஒப்பந்தம். வீட்டுச் சொந்தக்காரர்: அப்பா. குடியிருப்பவர்: நான். பின்னறை எனக்கு, சமையலறை பொது.

"ஆடியில யாராவது வாடகைக்குக் குடி போவாங்களா?"

"நான் எங்கயும் போகலப்பா. இருக்கிற அறையிலதான் இருக்கப் போறேன்."

"பெத்த பொண்ணுகிட்ட வாடகை வாங்கனா காறித் துப்புவாங்க."

"மேல்வீட்டுப் பையன்கிட்ட வாங்கறீங்களே. பேங்க்ல போட்டுடறேன். உங்க கணக்குல நானே காட்டித் தரேன்."

"அப்ப உயில மாத்தச் சொல்ற."

"இல்ல. உங்க வீடு, யாருக்கு வேணா எழுதுங்க. யார் கைக்குப் போனாலும் அவங்க எனக்கு நோட்டீஸ் குடுக்கணும். அவ்ளோதான்."

நான் நீட்டுகிற பேப்பர் எதையும் அவர் படித்ததே இல்லை, எங்கே போடணும் என்று மட்டும் கேட்பார். இன்று கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துப் படித்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"பதினோரு மாசம்னு போட்டுக்கீற."

"ஆமா. அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் இஷ்டமிருந்தா."

பேனாவைத் திறந்தார். போடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்பா பயந்து நான் பார்த்ததில்லை, அம்மா போன அன்றுகூட.

"பதினோரு மாசம் கழிச்சி நீ போயிட்டா, என்ன யாரும்மா பாத்துக்குவா?"

"அந்தப் பொறுப்ப யாருக்கும் எழுதி வெக்கலியாப்பா?" என்றேன்.

பேனா இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.