கணவாய் தாண்டிய இரண்டு மாப்பிள்ளைகள்

மாப்ள,

இன்று காலை பால் வாங்கப் போனவன் வெறும் செம்போடு திரும்பி வந்தேன். ஆரப்பாளையம் முனையில் ஒருவன் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். அந்த சொலூஷன் வாசனை வந்ததும் என் மூக்கு என்னைக் கேட்காமலே அங்கே நின்றுவிட்டது. மற்ற உறுப்புகளுக்கும் வேறு வழியில்லை. "என்ன சார், காத்து அடிக்கணுமா?" என்று கேட்டான். கேட்டது என் தொந்தியைப் பார்த்து. ஏற்கெனவே நிறைய அடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் பால் எங்கே என்று விசாரணை. உன்னை நினைத்துக்கொண்டே வந்துவிட்டேன் என்றேன். "அவுக இருந்தப்பவும் இந்த வீட்டுக்குச் சாமான் ஒழுங்கா வந்து சேரலை. இப்பவும் சேரலை" என்றாள் வீட்டுக்காரி. வக்கீல் குமாஸ்தாவான நான் எத்தனையோ வாதங்களைக் கேட்டிருக்கிறேன். இதற்கு அப்பீல் கிடையாது என்று செம்போடு மறுபடி பாலுக்குக் கிளம்பினேன்.

உனக்குக் கீழமாசி வீதியில் குடைக்கடை. மதுரையில் குடைக்கடை வைத்தவனுக்கு வருஷத்தில் முக்கால்வாசி லீவு என்பது கடை வைத்துக் கொடுத்த உன் அத்தாவுக்குத் தெரியாமல் போனது. உனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த லீவில் உனக்கு வந்த யோசனைதான் கம்பம் பள்ளத்தாக்கு. ஒருநாள் சாயங்காலம் கல்லாவில் உட்கார்ந்தபடி ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்து, தையல் சாக்கட்டியால் உள்பக்கம் கோடு போட ஆரம்பித்தாய்.

"உச்சிக் கொண்டைதான் மதுரை. இந்தக் கம்பி மேலூர் ரோடு, இது நத்தம், இது திண்டுக்கல். இந்தா, இந்தக் கம்பியப் பிடி. செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய். கணவாய் தாண்டுனா தேனி. அங்கிட்டு ரெண்டு பக்கமும் மலை, நடுவுல பச்சைப் பாயை விரிச்ச மாதிரி பள்ளத்தாக்கு."

"போடி வரைக்கும் ரயில் ஓடுதேடா. சைக்கிள் எதுக்கு?"

"ரயிலு அது நிக்கிற எடத்துல நிக்கும் மாப்ள. நாம நமக்குப் பிடிச்ச எடத்துல நிக்கலாம்."

நான் எங்கேயும் நிற்கவே பிடிக்காமல், உட்கார முடியாமல் அவஸ்தைப்படப்போகிறேன் என்று அந்தக் குடையில் எந்தக் கம்பியிலும் எழுதியிருக்கவில்லை.

ஆனி மாசக் கடைசி. செக்கானூரணி வரை நான் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். உசிலம்பட்டியில் பாட்டு நின்றது. கணவாய் ஏற்றத்தில் மூச்சும் ஏறக்குறைய நின்றது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் நடக்க, எதிரே பருத்திமூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரன், "என்ன அண்ணே, குதிரைக்குக் கால் நோவுதா?" என்று விசாரித்துவிட்டுப் போனான். நீ முன்னால் மிதித்தபடியே திரும்பாமல் கத்தினாய்: "ஏத்தத்தை அண்ணாந்து பாக்காத மாப்ள. முன்சக்கரத்தை மட்டும் பாரு!" பார்த்தேன். முன்சக்கரத்தில் காற்று இல்லை. அங்கே பஞ்சர் ஒட்டியபோது மோந்த வாசனைதான் இன்று காலை மோந்தது.

கணவாய் உச்சியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இருவரும் திரும்பிப் பார்த்தோம். பின்னால் நாம் வந்த பொட்டல், வெயிலில் வெளுத்துக் கிடந்தது. முன்னால் மேற்கே மலை, மலைக்குப் பின்னால் நீலமாய் இன்னொரு மலை, எங்கேயோ பெய்த மழையின் ஈரக்காற்று. "பாத்தியா?" என்றாய். ஏதோ நீயே கட்டி முடித்த வீட்டைக் காட்டுகிறவன் மாதிரி.

தேனி தாண்டியதும் அந்தக் காற்று தன் சுயரூபத்தைக் காட்டியது. பள்ளத்தாக்கின் மேல்கோடியிலிருந்து நேரே நம் முகத்துக்கு வந்தது. குடையைப் பிரித்து வழி பார்க்கப் போனாய்; குடை மறுபக்கம் திரும்பிக்கொண்டது. மதுரை உள்ளே போய், கம்பிகள் எல்லாம் ஆகாயத்தைக் காட்டின. அதன்பிறகு வழி கேட்டு வழி கேட்டுத்தான் போனோம். சின்னமனூர் தாண்டி ஒரு கிராமத்தில், வாழைத்தோட்டத்தை ஒட்டி ஒரு கிணற்றைப் பார்த்ததும் நீ ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாய்:

"மாப்ள, எறங்கு! நல்ல தண்ணி!"

அந்த 'மாப்ள' என்ற ஒரு சொல்லுக்குத்தான் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வேட்டி தடுக்க ஓடிவந்தார். "வாங்க மாப்ள, வாங்க! சைக்கிள்லயேவா வந்தீக? உள்ள வாங்க!"

வேறு ஊர்க்காரன் என்றால் அந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பான். நாம் மதுரைக்காரர்கள். உங்கள் பள்ளிவாசல் தெரு ஆளும் எங்கள் கோயில் தெரு ஆளும் மாமன், மச்சான், மாப்ள என்றே கூப்பிட்டுப் பழகியவர்கள். வளையல்காரரும் மாப்ள, ஜட்காக்காரரும் மாப்ள. "பாத்தியா, இங்கிட்டும் நம்ம ஊரு மாதிரிதான்" என்று நீ என் காதில் பெருமையாகச் சொன்னாய். உள்ளே போனோம்.

பணியாரம் வந்தது. கருப்பட்டிக் காபி வந்தது. எனக்கு ஒரு பலகை போட்டார்கள். சைக்கிள் சீட்டு உரசி நான் இருந்த நிலைமையில் பலகை என்ற சொல்லே வலித்தது. "இருக்கட்டுங்க, நிக்கிறேன்" என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "எம்புட்டு மரியாதை பாருங்க! மாமனார் முன்னால உக்கார மாட்டேங்குறாரு!"

பெண் பார்க்க வரவேண்டியவன் நான்தான் என்று நினைத்துவிட்டார்கள் என்று புரிந்து, உன் காலை மிதித்தேன். உனக்கு அப்போதும் புரியவில்லை. இன்னும் ரெண்டு வைக்கச் சொன்னாய். பெரியவர் உன்னை மாப்பிள்ளைத் தோழன் என்று நினைத்து, குரலைத் தாழ்த்தினார். "ஆடி பொறக்கப்போகுது தம்பி. இதுக்கு முந்தி வந்த எடம் எல்லாம் தட்டிப் போச்சு. ஊரு ஒரு மாதிரி பேசுது. இதுவும் போச்சுன்னா எம்மக இனி யாரு முன்னாலயும் வந்து நிக்கமாட்டேங்குறா. நீங்கதான் மாப்ளைக்கிட்ட எடுத்துச் சொல்லணும்."

நீ கையிலிருந்த பணியாரத்தைத் தட்டில் வைத்தாய். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாய். வாசலில் மாட்டுச் சலங்கை கேட்டது.

வண்டியிலிருந்து இறங்கியது அசல் மாப்பிள்ளை. அவருக்கு முன்னால் இறங்கியது அவருடைய பெரியப்பாவின் மீசை. பின்னாலேயே பெரியப்பா. வாசலில் யாரோ, "மாப்ள அப்பவே வந்து பலகாரம் சாப்புட்டுக்கிட்டு இருக்காரே!" என்று நல்ல மனசோடு சொல்லித் தொலைத்தார்கள்.

"என்னய்யா இது?" என்று பெரியப்பா உள்ளே வந்தார். "ஒரு பொண்ணுக்கு எத்தனை மாப்ள வரவழைச்சிருக்கீரு? ஏலே, மாட்டைத் திருப்பிப் பூட்டு!"

பெரியவர் தோளில் கிடந்த துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ குறுக்கே போய் நின்றாய்.

"ஐயா, நாங்க மதுரை. சைக்கிள்ல வந்தோம். தண்ணி குடிக்க எறங்குனோம்."

"என்ன சோலியா வந்தீக?"

"சும்மா."

"சும்மாவா? கணவாய் ஏறி எறங்கி, எதிர்காத்துல, சும்மாவா? எவன்டா சும்மா வருவான்? யாரு அனுப்பிச்சா உங்களை? இந்தச் சம்பந்தத்துக்குப் போட்டி போடுறவன் துப்புப் பாக்க அனுப்புனானா?"

கோர்ட்டில் கொலையைக்கூட நிரூபித்துவிடலாம் மாப்ள. 'சும்மா'வை நிரூபிப்பது எப்படி? வண்டிக்காரன் நுகத்தடியைத் தூக்கிவிட்டான். அப்போது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அது வந்தால் எனக்கு நல்லதில்லை.

"நாங்க வெறும் சைக்கிள்காரங்கன்னு இப்பக் காட்டுறேன். மாப்ள, அந்தப் பலகையில உக்காரு."

"டேய், வேணாம்டா."

"ஒரு குடும்பம் நிக்குது. உக்காருடா!"

உட்கார்ந்தேன்.

நான் போட்ட சத்தத்தில் மாடு இரண்டும் வண்டியை விட்டு விலகிப் போயின. நான் பலகையைத் தொட்ட வேகத்தைவிட விட்ட வேகம் அதிகம். முதலில் வண்டிக்காரன் சிரித்தான். அப்புறம் மீசை ஒருபக்கம் துடித்தது, மறுபக்கமும் துடித்தது, பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கதவுக்குப் பின்னாலிருந்து, எல்லாருக்கும் மேலே, அந்தப் பெண் சிரித்தாள். பானை உருண்ட மாதிரி, அடக்காமல், வாய்விட்டு.

உடனே எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் அப்படிச் சிரிக்கலாமா? "அடியே!" என்று உள்ளே ஒரு குரல் அதட்டியது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். அதுவரை வாயே திறக்காமல் நின்றிருந்த மாப்பிள்ளைப் பையன் கதவைப் பார்த்தான், பிறகு பெரியப்பாவைப் பார்த்தான்.

"பெரியப்பா, மாட்டைப் பூட்ட வேணாம்னு சொல்லுங்க" என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. வெற்றிலை பாக்கு மாற்றியபோது நாமும் சாட்சிக்கு நின்றோம். நான் நிஜமாகவே நின்றேன். பெரியவர் எனக்கு ஒரு இலவம்பஞ்சுத் தலையணை கொடுத்தார். அதை சீட்டில் கட்டிக்கொண்டு கம்பம், கூடலூர் என்று மலை வந்து ரோட்டை மறிக்கிற இடம் வரை போனேன். பார்த்தவர்கள் பிரசவத்துக்குப் போகிற வண்டி என்று நினைத்திருப்பார்கள். திரும்புகிற வழியில் காற்று நம் பக்கம். நீ குடையைக் கப்பல் பாய் மாதிரி பிடித்துக்கொண்டு மிதிக்காமலே போனாய். அந்தப் பெண் வீட்டில் எல்லாரும் சௌக்கியம் மாப்ள. இந்தத் தையிலும் அவர்கள் வீட்டு வாழைத்தார் வந்தது. உன் வீட்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள் உன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். ஊரைச் சிரிக்கவைக்கிறேன் என்று பத்திரிகையில் கதை எழுதிப் பேர் போட்டுக்கொள்கிறவன், பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தேன். உன் மகன் தலை நிமிரவில்லை. வேறு ஒன்றும் தோன்றாமல் இந்தக் கதையைத் தொடங்கினேன். பாதியில், இது என்ன நேரம் என்று வெட்கப்பட்டு நிறுத்திவிட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து உன் வீட்டம்மா குரல் வந்தது.

"மீசையச் சொல்லாமப் போறீகளே, அண்ணே."

சொன்னேன். உன் மகன் சிரித்துவிட்டு அழுதான். எனக்கும் அப்படித்தான், வரிசை மட்டும் மாறியது.

அதிலிருந்து எந்த வீட்டில் பேச்சு நின்றுபோனாலும் இந்தக் கதையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். மீசை வளர்ந்துகொண்டே போகிறது. குடை இப்போது புளியமரத்து உச்சி வரை பறக்கிறது. போன வாரம் சொன்னபோது கணவாய் ஏற்றத்தை நான் இறங்காமல், மூச்சு வாங்காமல், ஒரே மிதியாக ஏறியிருக்கிறேன்.

"பொய் சொல்லாதடா" என்று நீ குறுக்கே விழவேண்டிய இடம் அது. அந்த இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்துகிறேன் மாப்ள. கேட்கிறவர்கள் நான் களைத்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள். குடித்துவிட்டு, மேலே ஏறுகிறேன்.