வெடிப்பின் மேல் ஒட்டிய கடதாசி

அன்பு மகன் சஜீவனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை லோஜினி எழுதுவது. நாங்கள் மூவரும் நலம், வீட்டுச் சுவர்தான் நலமில்லை. அங்கே வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே. வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவின் சட்டைப்பையில், அதனால்தான் கத்தாருக்குத் திரும்பும் ஜீவராணி மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன மழையில் தோட்டத்து லய வரிசையில் நம் வீட்டுப் பின்சுவர் வெடித்ததும் அதிகாரிகள் வந்து பார்த்து, மேலே மலை சரியும், வைகாசி மழைக்கு முன் எல்லாரும் கீழே தற்காலிக வீடுகளுக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் போய்விட்டார்கள். அப்பா மட்டும், நாப்பது வருசமா சரியாத மலை இப்ப எதுக்குச் சரியப்போகுது என்றார். எனக்குச் சொல்லாமல் வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கடதாசித் துண்டை ஒட்டி, இது கிழிஞ்சா போவோம் என்று லோஜினியிடம் சொல்லியிருக்கிறார். ஞாயிறுதோறும் பார்ப்பார், கிழிந்திருக்காது. ஆறு ஞாயிறு இப்படிப் போனது. ஆறாவது ஞாயிறு லோஜினி அதன் மூலையில் பென்சிலால் திகதி எழுதி வைத்தாள். போன ஞாயிறு பார்த்தால் கடதாசி இருக்கிறது, திகதி இல்லை. விசயம் இதுதான் மகன், வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதெல்லாம் அது கிழிந்துதான் கிடந்தது. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அசிங்கமாக இருக்கிறதே என்று நான்தான் வாராவாரம் புதிது ஒட்டினேன். அதை அப்பாவிடம் சொன்னோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, கடதாசி மட்டமான கடதாசி என்றார். நம்பியதற்குச் சாதகமானதை மட்டுமே கண் பார்க்கும், அதற்கு ஒரு பெயர் உண்டு என்று லோஜினி நூலகப் புத்தகத்தைக் காட்டினாள். பெயர் வைக்கும் முன்பிருந்தே உன் அப்பா இப்படித்தான் என்றேன். சுவர் போகும் என்று எனக்கு அப்பவே தெரியும் என்றும் சொன்னேன். அதற்கும் ஒரு பெயர் இருக்கிறதாம், அதை இதில் எழுதாதே என்று சொல்லிவிட்டேன்.

நேற்றுத்தான் காரணம் வெளியே வந்தது. நீ காசு அனுப்பிக் கட்டிய குசினியில் அடுப்புக்குப் பின்னால் உள்ள டைல்ஸைத் துடைத்துக்கொண்டே, புள்ள வேர்வையில கட்டினத எப்படி விட்டுட்டுப் போறது என்றார். நாம் இங்கே இருந்து செத்தாலும் அந்த வேர்வை திரும்பி வராது என்று லோஜினி சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பார். அந்தக் குசினி எனக்கு முதல்லயிருந்தே பிடிக்கலப்பா என்று சொல். பொய்தான், முருகன் மன்னிப்பார்.

நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே அப்பாவுக்குப் போன் எடு.

இப்படிக்கு,
உன் அம்மா சண்முகவடிவு

அண்ணா, இந்த வெள்ளி அம்மா புதிது ஒட்டவில்லை. திகதி எழுதிய பென்சிலை வெடிப்பில் விட்டுப் பார்த்தேன், முழுவதும் உள்ளே போய்விட்டது. இதைப் பேனையால் எழுதுகிறேன். லோஜினி.