அச்சு மாற்றிய ஒன்பது நிமிடம்

நகோயா, 6-11-1985

அன்புள்ள அப்பாவுக்கு, இராஜாங்கம் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அம்மா சுகமா? எனக்குக் குளிர் மட்டும்தான் புதிது.

நேற்றுக் கண்டதை இன்னும் நம்ப முடியவில்லை. தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ்ஸில் அச்சு மாற்ற நம் கம்பெனியில் நாலு மணி நேரமாகும். இங்கே ஒன்பது நிமிடம். மெஷின் அதேதான். அது ஓடும்போதே அடுத்த அச்சு, போல்ட், ஸ்பேனர் எல்லாம் பக்கத்தில் வந்துவிடுகின்றன. நிறுத்திய பிறகு யாரும் எதையும் தேடுவதில்லை. வாயைப் பிளந்து நின்றேன்.

"என்னடா, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றான் நம் கம்பெனியிலிருந்து என்னோடு பயிற்சிக்கு வந்த பஞ்சநதம்.

"தேடுறதையே வேலைன்னு நெனச்சிருக்கோம்டா" என்றேன்.

நேராகச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் பெயரைக் குத்தகைதாரராகப் பதியும் விசாரணையில், தாசில்தார் கூப்பிட்ட பிறகு நீங்கள் பையில் குத்தகை கட்டிய ரசீது தேடியதால்தான் இரண்டு வாய்தா போனது. இந்த முறை தவறினால் நிலம் மிராசுதாருக்குத்தான். ரசீதுகளைத் தேதிவாரியாகத் தைத்து வையுங்கள். சாட்சி வைரக்கண்ணு மாமாவை முன்னதாகவே அழைத்துப் போங்கள்.

அம்மாவை நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பச் சொல்லுங்கள். கடிதம் கொஞ்சம் நீளமாகவே எழுதுங்கள்.

ஷிப்ட் மணி அடிக்கிறது. இருபதாம் தேதி காலை பத்து மணிக்குத் தாசில்தார் உங்களைக் கூப்பிடும்போது இங்கே பகல் ஒன்றரை. பிரஸ் பக்கத்தில் நின்றாலும் நினைப்பெல்லாம் அங்கேதான் இருக்கும்.

இராஜாங்கம்