என் பெயரில் உன் குதிகால்

மார்ச் 4

மகளுக்கு,

உன் காலை மிஷினில் வைத்து, வந்த சீட்டில் என் பெயரை எழுதினாய். நீ எனக்குச் செய்தது இதுதான். 'அன்புள்ள' என்று தொடங்க மனம் வரவில்லை. போனில் கேட்டால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் நழுவிவிடும். அதனால் எழுதுகிறேன்.

நவம்பரில் எங்கள் பம்ப் கம்பெனிக்கு எலும்புப் பரிசோதனைக்கு உங்கள் ஆட்கள் வந்தபோது மிஷினில் நீதான் உட்கார்ந்திருந்தாய். "எக்ஸ்ரே இல்ல, கதிர்வீச்சு இல்ல. காதுக்குக் கேக்காத சத்தம்தான், குதிகாலை வச்சா ரெண்டே நிமிஷம்" என்று எல்லோருக்கும் சொன்னாய். எனக்கு மட்டும் மூன்று முறை வைத்தாய். பிறகு, "வெளியே போய் ஷூ போட்டுக்கோங்கம்மா" என்றாய். கொஞ்ச நேரம் கழித்துச் சீட்டோடு வந்தாய். எழுபத்து நான்கு, வயதுக்கு ஏற்ற அளவு. உன் வலது கால் வெறுங்காலாக இருந்தது. குதிகாலில் அந்த மிஷின் பசை பளபளத்தது. அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை.

அந்தச் சீட்டை நம்பி நான்கு மாதம் ஸ்டோரில் ஏணி ஏறி இறங்கினேன். போன வாரம் நான் விழக்கூட இல்லை. பித்தளை வால்வு வைக்கிற கீழ் இழுப்பறை இறுகிக் கிடந்தது. குனிந்து இழுத்தேன். முதுகில் மளுக்கென்றது. முள்ளெலும்பு ஒன்று நசுங்கியிருக்கிறதாம். ஆஸ்பத்திரியிலும் உன்னுடையதைப் போல ஒரு மிஷின். ஐம்பத்து இரண்டு. டாக்டர் என் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாலு மாசத்துல இவ்வளவு இறங்காதே. இது உங்க கால்தானாம்மா?" என்று கேட்டார். வேறு யார் கால் என்று அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டே எனக்குப் புரிந்துவிட்டது.

காதுக்குக் கேட்காத சத்தம் உண்மையைச் சொன்னது. பெற்ற மகள் சொல்லவில்லை. ஏன் என்று எழுது. பத்து நாளில் பதில் வராவிட்டால் உன் சூப்பர்வைசருக்கு எழுதுவேன். அம்மா சும்மா மிரட்டுகிறாள் என்று நினைக்காதே.

அம்மா


மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆமாம். என் கால்தான்.

உங்களுக்கு முதலில் ஐம்பத்து ஐந்து வந்தது. மறுபடியும் வைத்தேன், ஐம்பத்து நான்கு. மூன்றாவது தடவையும் அதே ஐம்பத்து நான்கு. அன்று காலையில் பேக்கிங் அக்காவுக்கு எண் குறைந்ததும் மதியத்துக்குள் அவரை லேபிள் ஒட்டுகிற மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். நீங்கள் வரிசையில் நின்றுகொண்டு, "என்னை ஏணியிலேர்ந்து இறக்கட்டும், அப்புறம் இவ என் பொண்ணே இல்ல" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குடைக்காகச் சித்தியிடம் பதினோரு வருஷம் பேசாமல் இருந்தவர் நீங்கள்.

தினமும் வேலை தொடங்குமுன் மிஷினைச் சரிபார்க்க என் குதிகாலை வைப்பேன். ஒன்றரை வருஷமாக அதே எழுபத்து நான்கு. அது மாறாவிட்டால் மிஷின் சரி. சீட்டில் எண்ணை மிஷினே அச்சடித்துவிடும், பெயரும் வயதும்தான் நாங்கள் எழுதுவது. கைக்கெட்டிய நல்ல எண் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பக்குவமாகச் சொல்லி, மருந்து தொடங்க வைக்கலாம் என்று நினைத்தேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்தேன், உங்களுக்கே தெரியும். வாய் வரை வரும், முழுங்கிவிடுவேன்.

வேறு யாருக்கும் நான் இப்படிச் செய்யவில்லை. சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும். எழுதாதீர்கள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உங்கள் மகள்


மார்ச் 19

அம்மா,

பத்து நாளாகப் பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. உங்கள் மாப்பிள்ளை வந்து கதவைத் தட்டியதற்கு, "படிச்சிட்டிருக்கேன்னு அவகிட்ட சொல்லுங்க மாப்பிள்ளை" என்று வாசலோடு அனுப்பிவிட்டீர்களாம். எதைப் படிக்கிறீர்கள்? எழுதிவிட்டீர்களா? சூப்பர்வைசர் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் உங்கள் கடிதம் வந்துவிட்டதோ என்றுதான் போகிறேன். திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

மகள்


மார்ச் 23

அன்புள்ள மகளுக்கு,

சூப்பர்வைசருக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆதாரத்துக்கு உன் சீட்டை எடுத்தேன். அதன் பின்பக்கம் ஒரு அட்டவணை இருக்கிறது. வயது ஒரு பக்கம், எண் ஒரு பக்கம், நடுவில் பச்சை, மஞ்சள், சிவப்பு. அறுபத்து நான்கு வயதுக்காரிக்கு எழுபத்து நான்கு பச்சை. ஆனால் அது அறுபத்து நான்கு வயதுக்காரியின் கால் இல்லையே. உன் வயது முப்பத்தெட்டு, அந்த வரிசையில் விரலை வைத்தேன். மஞ்சள், அதுவும் சிவப்பை ஒட்டி. தப்பாகப் பார்த்தேனோ என்று மறுபடியும் வைத்தேன். நீ என் காலை வைத்தது போல மூன்று முறை.

ஒன்றரை வருஷம் தினமும் பார்த்திருக்கிறாய். மாறுகிறதா என்று பார்த்தாயே தவிர, எவ்வளவு என்று ஒரு நாளாவது பார்த்தாயா? யார் யார் காலையோ பார்க்கிறவளுக்குத் தன் கால் வெறும் மிஷின் சாமானாகிவிட்டது.

பிறகு நூலகத்திலிருந்து புத்தகம் வரவழைத்துப் படித்தேன். சின்ன வயதில் உனக்கு மூச்சிழுப்பு வந்தபோது டாக்டர் ஐந்து நாளைக்கென்று ஸ்டீராய்டு மாத்திரை தந்தார். அதே மருந்துச் சீட்டை மறுபடி மறுபடி கடையில் காட்டி வாங்கி, மாதக்கணக்கில் கொடுத்தவள் நான். எல்லாம் எனக்குத் தெரியும் என்ற திமிர். அது எலும்பைக் கரைக்குமாம். உனக்கு அதனால்தான் குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இல்லை என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. இதனால் நீ செய்தது சரியாகிவிடாது. அது வேறு, இது வேறு.

வரிசையில் நின்று சொன்ன சொல்லையும் நான் திரும்பப் பெற மாட்டேன். ஏணியிலிருந்து நானாகவே இறங்கிவிட்டேன். அதனால் அது உன்னைச் சேராது.

இனி ஆக வேண்டியவை.

நீ: சூப்பர்வைசரிடம் நீயே போய்ச் சொல்ல வேண்டும். நவம்பரில் பார்த்த மற்றப் பெண்கள் எல்லோரையும் வேறு ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும். நான் உன்னை நம்புகிறேன். அவர்கள் எதற்காக நம்ப வேண்டும்?

டாக்டர்: நம் இருவருக்கும் இடுப்பிலும் முதுகிலும் பெரிய பரிசோதனை செய்ய வேண்டும். குதிகால் எச்சரிக்கை மணிதான் அடிக்கும், தீர்ப்பு இடுப்பிலும் முதுகிலும்தானாம். வியாழக்கிழமை பத்து மணிக்கு நேரம் வாங்கிவிட்டேன். பழைய மாத்திரை விவரத்தை நான் சொல்வேன், நீ குறுக்கே பேசாதே.

மாப்பிள்ளை: இரண்டு பேரையும் காரில் கூட்டிப்போக வேண்டும். வழியில் நான் உன்னோடு பேச மாட்டேன். அவர் பேசிக்கொண்டு வரட்டும்.

நான்: ஸ்டோர் சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டேன். முதுகு நிமிர்ந்ததும் பேக்கிங் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்ட வேண்டும்.

மறுபடியும் நீ: இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை, சூப்பர்வைசரிடம் போகுமுன், வழக்கம்போலக் குதிகாலை மிஷினில் வை. சீட்டு வரும். அதில் உன் பெயரை எழுது. உன் வயதை எழுது. வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வா.

அம்மா