மாமன் மடி

வேடசந்தூர்
20.1.2025

பிரியமுள்ள அண்ணனுக்கு,

சுகன்யா எழுதுறேன். போன் போட்டா மதினியே வாங்கிப் பேசுது, அதான் பத்திரிகையோட இதையும் வைக்கிறேன். பிப்ரவரி ரெண்டு, ஞாயித்துக்கிழமை, குஜிலியம்பாறை கோயில்ல மிதுனாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உட்காராம குத்துனா என் மாமியா பேசியே என்னைக் கொன்னுரும். கிட்னி மாத்துன உடம்புன்னு தெரியும். செத்த நேரம் உட்கார்ந்துட்டுக் கிளம்பிரு அண்ணே.

தங்கச்சி சுகன்யா

நாகல் நகர்
24.1.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் மதினி வேண்டாம்னு ஒரே சத்தம். கிட்னி கொடுத்தவ, சத்தம் போடத்தான் செய்வா. அந்தக் கிட்னி நிலைக்கணும்னு நான் திங்கிற மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அமுக்கிருது. உங்களுக்குச் சாதாரணச் சளி, எனக்கு நெஞ்சுக்குள்ள இறங்கிரும். அங்க யாருக்காவது சளி, காய்ச்சல் இருக்கா? உண்மையைச் சொல்லு. இல்லைன்னா மாஸ்க் போட்டுக்கிட்டு வாரேன். போட்டோவுல கண்ணு மட்டும்தான் தெரியும், திட்டாத.

மணிமாறன்

வேடசந்தூர்
30.1.2025

அண்ணே,

யாருக்கும் ஒண்ணுமில்ல. நீ வா.

சுகன்யா

மதுரை, ஆஸ்பத்திரி
11.2.2025

சுகன்யா,

ஆக்சிஜன் மாட்டியிருக்கு, பேச முடியல. ஆர்.எஸ்.வி.ன்னு ஒரு வைரஸாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூக்கொழுகலோட போயிருமாம். எனக்கு ரெண்டு நுரையீரலையும் பிடிச்சிருச்சு.

மடியில வச்சதுமே பிள்ளை உடம்பு கொதிச்சுச்சு. அழுத அழுகையில என் மாஸ்க்கைப் பிடிச்சு இழுத்துட்டா. எந்திரிச்சிருந்தா அம்புட்டுப் பேர் முன்னாடி உனக்குத் தலைகுனிவு. உட்கார்ந்துட்டேன். கோவம்தான் உன் மேல. ஒரு வாரம் தள்ளி வச்சிருக்கக் கூடாதா? வாய் இல்லையா உனக்கு?

மதினிகிட்ட கோயில்ல யாரோ இருமுனாங்கன்னு சொல்லியிருக்கேன். நீயும் அப்படியே சொல்லு. அம்மா அப்பா இல்ல. எனக்கு ஒண்ணுன்னா உனக்குப் பிறந்த வீடுன்னு அவ ஒருத்திதான்.

அண்ணன்

நாகல் நகர்
4.3.2025

சுகன்யாவுக்கு,

மதினி பானு எழுதுறேன். போன்ல பேசுனா கத்திருவேன். மதுரையிலருந்து அவர் உடம்பை எடுத்துட்டு வந்தப்ப நீ வாசல்லயே நின்னு அழுதுட்டுப் போயிட்ட. என் முகத்தைக்கூட பார்க்கல.

கோயில்ல யாரோ இருமுனாங்கன்னு உங்க அண்ணன் சொன்னாரு. நான் தலையாட்டிக்கிட்டேன். ஆனா அவர் பக்கத்துலதான் நின்னேன் சுகன்யா. பிள்ளைக்கு மூக்கு ஒழுகுனதை நானும் பார்த்தேன். எந்திரிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொண்டாட்டிக்காரி சபையில முறையைக் கெடுத்துட்டான்னு பேசுவாங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன்.

உன்னை வையணும்னுதான் பேப்பரை எடுத்தேன். வரமாட்டேங்குது.

வெள்ளிக்கிழமை காரியம். கூடப் பிறந்தவ செய்ய வேண்டியது இருக்கு, வந்து செய். பிள்ளையையும் தூக்கிட்டு வா. என்கிட்ட மட்டும் மன்னிப்புக் கேட்டுராத. நீ கேட்டா நானும் கேக்கணும். கேக்குறதுக்கு அவர் இல்ல.

பானு